நாய்களின் நீர்ச்சுருக்கும் நீரடைப்பும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் பெரும்போக வேளாண்மை தொடங்கியதும், உழவனுடன் வயல்வாடிக்குக் காவலாய்ச் செல்வது நாயாகும். காட்டுப்பன்றியின் வரவை முதலில் அறிவிக்கும் அவ்வுயிர், தன் நோயை வாய்விட்டுக் கூறமாட்டாது. எனினும் அது சிறுநீர் கழிக்கும் முறையை உற்றுநோக்குவோர்க்குச் சில நோய்கள் வெளிப்படையாகவே புலப்படும். அவற்றுள் இரண்டனைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஒன்று சிறிது காலம் பொறுக்கும், மற்றையது பொறாது.

முதலாவது நீர்ச்சுருக்கு. அடிக்கடி குந்திச் சிறிது சிறிதாய் நீர் விடுதல், நீரிற் குருதி கலத்தல், துர்நாற்றம், குறியை ஓயாது நக்குதல் ஆகியன இதன் குறிகள். பெட்டை நாயின் நீர்த்தாரை குறுகியதும் அகன்றதும் ஆதலின், குடலில் வாழும் எசரீக்கியா கோலை முதலிய கிருமிகள் அதன் வழியே நீர்ப்பையை எளிதில் அடைகின்றன. கால்நடை வைத்தியர் சிறுநீரைச் சோதித்து ஏற்ற கிருமிகொல்லி மருந்தை அளிப்பார். குறிகள் தணிந்தன என்று அதனை இடையில் நிறுத்தின் நோய் மீளக்கூடும்.

இரண்டாவது நீரடைப்பு. பன்முறை முயன்றும் ஒரு துளியும் வாராமையே இதன் அடையாளம். ஆண் நாயின் குறியினுள் ஓர் எலும்பு உண்டு. நீர்த்தாரை அவ்வெலும்பின் பள்ளத்தினூடே செல்வதால் அவ்விடத்தில் விரிய இயலாது. நீர்ப்பையினின்று இறங்கும் சிறு கல் அதன் பின்னே சிக்கிக்கொள்ளும். பின்னர் வயிறு புடைக்கும். வாந்தியும் சோர்வும் தோன்றும். வெளியேறவேண்டிய கழிவுகளும் பொற்றாசியமும் குருதியில் மிகுந்து, இதயத்துடிப்புத் தடுமாறி, ஓரிரு நாளில் உயிர் போகும்.

நாய் முக்குவதைக் கண்டு மலச்சிக்கலென மயங்கிப் பேதிமருந்து கொடுப்பதும், நெருஞ்சிற் கஷாயம் புகட்டுவதும் அடைப்பை நீக்கா, காலத்தையே வீணாக்கும். மனிதர்க்குரிய ஐபுபுரோபன், பரசிற்றமோல் முதலிய நோமாத்திரைகள் நாய்க்கு நஞ்சாதலும் உண்டு. வைத்தியர் மென்குழாய் செலுத்திக் கல்லை நீர்ப்பைக்குப் பின்தள்ளி, நீரை வடித்து, பின்பு தேவையாயின் அறுவையால் அகற்றுவார்.

வயலோடு தொடர்புடைய வேறொரு நோயும் ஈண்டுக் கருதற்பாலது. எலிக்காய்ச்சலை விளைக்கும் லெப்தோஸ்பைரா எனும் கிருமி நாயின் சிறுநீரகத்திலும் குடிகொள்ளும். காய்ச்சல், வாந்தி, மஞ்சட்காமாலை, நீர் மிகுதல் அல்லது குறைதல் ஆகியன தோன்றலாம். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரால் மாசுற்ற சேற்றில் நிற்பவரின் காற்புண் வழியே இக்கிருமி மனிதரைப் பற்றும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுற்றதாகப் பதிவாயிற்று. ஆகவே நோயுற்ற நாயின் நீரை வெறுங்கையால் தொடலாகாது. நாய்க்கு ஆண்டுதோறும் இடத்தக்க தடுப்பூசியும், நோய் கண்டபின் கொடுக்கத்தக்க கிருமிகொல்லி மருந்தும் உள.

வாவி நீர் உவர்ப்புடையது. தாகமுற்ற நாய்க்கு அது குடிநீராகாது. கோடையில் நன்னீர் குறையின் சிறுநீர் செறிந்து கல் உண்டாக ஏதுவாகும். ஆதலின் வாடியிலும் மனையிலும் நாய்க்கென ஒரு சட்டி நன்னீர் எந்நாளும் இருத்தல் வேண்டும். சிறுநீர் சிறிது சிறிதாய் வருமாயின் மறுநாளுக்குள்ளும், ஒரு துளியும் வாராதாயின் அந்நேரமே தாமதமின்றியும் அதனைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வளர்ப்போர் கடனாகும்.