கிழட்டு ஜீப்புக்கு எந்த இதயம்?

அத்திபெலேயோடு கர்நாடகம் முடிகிறது, அடுத்தது ஓசூர். அதற்கும் அப்பால் தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பாதைகள், பழைய ஜீப் வைத்திருப்பவரை இழுக்கும். ஆனால் எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிறதே, மாற்றாக எதைப் பொருத்துவது?

டீசல் என்பதே பலரின் பதில். அவசரம் வேண்டாம். மஹிந்திராவின் பழைய சிஜே-3பி ஜீப்பில் இருந்தது 2199 சிசி ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஜீப்பின் முகமே சாட்சி. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-ல் அதில் ஹரிகேனைப் பொருத்தியபோது, உள்ளிழுக்கும் வால்வு மேலே ஏறியதால் எஞ்சினின் உயரம் கூடியது. பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. குதிரைசக்தி 60-லிருந்து 70-ஐத் தாண்டியது. அழகைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

டீசல்தான் வேண்டுமென்றால், மஹிந்திராவே பின்னாளில் தன் ஜீப்புகளில் பொருத்திய 2112 சிசி பியூஜோ எஞ்சின் பரவாயில்லை. அப்போதும் கூடுதல் கனத்துக்கு முன்பட்டை ஸ்பிரிங்கைப் பலப்படுத்த வேண்டியிருக்கும். பெட்ரோல் செலவு கட்டுப்படியானால் ஹரிகேனையே ரீபோர் செய்வது உத்தமம்.

காரணம், ஆர்.சி. புத்தகம். எஞ்சின் எண், எரிபொருள், சிலிண்டர் எண்ணிக்கை எல்லாம் அதில் பதிவானவை. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. எல்லை தாண்டி ஓசூரில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்க வேண்டும். அப்போது பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.