தலைநகர் துரத்திய கல்வித் தெய்வம்

ஜப்பானின் க்யூஷு தீவில், ஃபுகுவோகா நகரத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரப் பிரயாணத்தில் அடையக்கூடிய தஸைஃபு என்னும் ஊருக்கு, பரீட்சைக் காலம் நெருங்க நெருங்க மாணவர்களும், அவர்களைக் காட்டிலும் கவலை மிகுந்த அவர்களுடைய தாய்மார்களும் திரள் திரளாக வந்து சேருகிறார்கள். அங்கே தென்ஜின் என்ற நாமத்துடன் எழுந்தருளியிருக்கும் கல்வித் தெய்வம், ஒரு காலத்தில் மனிதராகப் பிறந்து, கற்று, ராஜாங்க உத்தியோகம் பார்த்து, அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவர்.

845-ஆம் ஆண்டில் பண்டித பரம்பரையில் அவதரித்த அம்மனிதர், சுகவாரா நோ மிச்சிஸானே, சீனக் கவிதையில் தமக்கிருந்த பாண்டித்தியத்தாலும் சக்கரவர்த்தியின் அபிமானத்தாலும் 899-ல் வலது மந்திரி பதவிக்கு உயர்ந்தார். பிறப்பினாலேயே அதிகாரம் தங்களுக்குரியதென்று கருதிய ஃபுஜிவாரா குலத்தாருக்கு இது பொறுக்குமா? அக்குலத்து டோகிஹிரா மூட்டிய கோளினால் மிச்சிஸானே 901-ல் அன்றைய தலைநகரான க்யோட்டோவை விட்டுத் தஸைஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903-ல் அங்கேயே காலமானார். பூதவுடலைச் சுமந்த வண்டியின் மாடு நகர மறுத்துப் படுத்துக்கொண்ட இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்பதும், அச்சமாதியின்மேல் எழுந்ததே தஸைஃபு கோயில் என்பதும் ஐதிகம்.

பின்னர் டோகிஹிரா இளவயதில் மாண்டதும், 930-ல் அரண்மனையில் இடி விழுந்து பிரபுக்கள் மடிந்ததும், தலைநகரை நடுங்க வைத்தன. மிச்சிஸானேயின் ஆவியே பழி வாங்குகிறதென்று அஞ்சிய அரசவை, அந்த இடி விழுவதற்கு முன்பே இறந்தவருக்குப் பதவியைத் திருப்பியளித்திருந்தது. க்யோட்டோவிலும் 947-ல் கிட்டானோ ஆலயம் தோன்றியது. ஆக, முதலில் அவரை வணங்க வைத்தது வித்தையின்மேல் கொண்ட பக்தியன்று, வெறும் பயமே. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல இடி மறந்து ஏடு நினைவில் நின்றது. எடோ காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நல்ல கையெழுத்து வேண்டி அவரைத் தொழுதார்கள். தண்டித்தவர்களுடைய பெயரை இன்று சரித்திர மாணவரன்றி யார் அறிவார்?

தஸைஃபு கோயிலில் குளத்தின்மேல் வில்லாய் வளைந்த செந்நிறப் பாலங்களைக் கடந்தால், 1591-ல் எழுப்பிய மூல மண்டபம் தெரியும். வழியில் படுத்திருக்கும் வெண்கல மாட்டின் தலையைத் தடவினால் புத்தி வளரும் என்பது நம்பிக்கையாதலால், அதன் நெற்றி மட்டும் பளபளவென்று மின்னுகிறது. பிரார்த்தனையை எழுதித் தொங்கவிட்ட சிறு மரப்பலகைகள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. கல்விக்காக வேண்டுவோரைவிடக் கல்லூரியில் இடத்துக்காக வேண்டுவோரே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எஜமானரைப் பிரிய மாட்டாமல் க்யோட்டோவிலிருந்து பறந்து வந்ததாகச் சொல்லப்படும் பிளம் மரம் மண்டபத்துக்கு வலப்புறம் நிற்கிறது. வளாகத்திலுள்ள சுமார் 6,000 பிளம் மரங்களும் பூக்கும் பிப்ரவரி மாதமே அங்கு செல்ல உகந்தது. கூட்டத்துக்கு அஞ்சுவோர் காலையிலேயே சென்றுவிடுவது நலம்.