மண்ணோடு நின்ற ஆசான்

களிமண் கற்பிக்கும் முதற்பாடம் பொறுமை. முழுதும் உலராத சிற்பத்தைச் சூளையில் விரைந்து சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதனைச் சிதறடித்துவிடும். பல வார உழைப்பு நொடியில் ஓடுகளாகும். அவ்வேளையில் மாணவருக்குத் தேவை கண்டனமன்று. மறுபடி மண் பிசைய உடன் நிற்கும் ஆசானே.

அமெரிக்கச் சுடுமண் சிற்பி பீட்டர் வுல்கோஸ் (1924–2002) அத்தகைய ஆசானாய் விளங்கினார். கிரேக்கக் குடியேறிகளின் மகனான அவர், 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலைக்கல்லூரியில் மட்பாண்டத் துறையைத் தொடங்கினார். பால் சோல்ட்னர், ஜான் மேசன், கென் பிரைஸ் முதலானோர் அங்கு அவரிடம் பயின்று பின்னர் புகழ்பெற்றனர். 1959 முதல் 1985 வரை பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தார்.

விரிவுரையைவிட வேலையே அவரது பாடம். மாணவர் நடுவிலேயே தம் சிற்பங்களையும் உருவாக்கினார். வனைந்த கலங்களை வெட்டி, அடுக்கி, ஒட்டிப் பெருஞ்சிற்பங்களாக எழுப்பினார். வெடிப்பையும் பிளவையும் மறைக்காமல் படைப்பின் அங்கமாக்கினார். தவறுக்கு அஞ்சாத மனத்தை மாணவர் அக்கைகளிடமிருந்தே கற்றனர்.

2002 பிப்ரவரியில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமொன்றில் செய்முறைப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்தபோது, 78ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். இறுதி நாட்களிலும் அவர் கரங்களில் மண் இருந்தது.

பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளைகள் நம் சொற்களை மறக்கலாம். நாம் உழைப்பதைக் கண்டதை மறப்பதில்லை.