குளம்படியில் ஒரு வணிக வரலாறு

அண்மையில் என் பழைய மாணவி ஒருவர் இரண்டு பொம்மைக் குதிரைகளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத மட்டக்குதிரைகள். இரண்டுக்கும் ஒரே உடல், ஒரே நிலை, பின்தொடையில் ஒரே சித்திரம். ஆனால் ஒன்று வெளிர் இளஞ்சிவப்பு; மற்றது செங்கல் சாயல் ஏறிய சிவப்பு. ஒன்றின் பிடரிமயிர் பட்டுப்போல் வழுக்கியது. மற்றதன் மயிர் தேங்காய் நார்போல் முரடாக இருந்தது.

"இவற்றில் எது விலை கூடியது, சொல்லுங்கள் ஐயா" என்றார். நான் பட்டுமயிர்க் குதிரையைக் காட்டினேன். முரட்டுமயிர்க் குதிரைக்குப் பல மடங்கு விலை கொடுத்ததாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு இரண்டையும் கவிழ்த்துக் குளம்புகளின் அடிப்புறத்தைக் காட்டினார். பட்டுமயிர்க் குதிரையின் குளம்பில் ஹாங்காங் என்று பொறித்திருந்தது. மற்றதில் நாட்டின் பெயரே இல்லை. சாயத்தையும் மயிரையும் முக வண்ணத்தையும் ஒப்பிட்டு, அது பிரேசிலில் செய்யப்பட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பன்னாட்டு வணிகம் கற்பித்த எனக்கு இப்படியொரு பாடப்பொருள் அதுவரை கிடைத்ததில்லை.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1981இல் 'மை ப்ரிட்டி போனி' என்ற குதிரைப் பொம்மையை வெளியிட்டது. போனி சாக்கர்லி என்ற ஓவியர் வடிவமைத்த அது பெரியது, கெட்டியானது; வாலை ஆட்டும், கண் சிமிட்டும். அதையே சுருக்கி, மென்மையான வினைலில், சீவி முடிக்கத்தக்க மயிருடன் 'மை லிட்டில் போனி' என்று விற்றபோதுதான் குழந்தைகள் மொய்த்தனர். அமெரிக்காவில் இந்த முதல் தலைமுறைக் குதிரைகளின் விற்பனை 1992இல் நின்றது. ஐரோப்பாவில் மேலும் சில ஆண்டுகள் நீடித்தது.

தொடக்கத்தில் இவை ஹாங்காங்கில் செய்யப்பட்டன. பின்னர் குளம்புகளில் சீனா என்ற பெயர் பெருகியது. 1980இல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டதும், ஹாங்காங் முதலாளிகள் எல்லை தாண்டிக் குவாங்டோங்கில் ஆலைகளை அமைத்ததும் பொருளியல் நூல்களில் பல பக்கங்கள் பிடிக்கும். பொம்மையின் காலடியில் அது ஒரே சொல்.

ஆனால் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இந்த இரண்டுக்காக அன்று. பிரேசில், ஆர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு, கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டவையே அவர்களின் வேட்டைப்பொருள். அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நிர்வாணா'. பற்றறுத்தலைக் குறிக்கும் சொல்லைத் தீராப் பற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்குள்ள பொருளை மாணவியிடம் நினைவூட்டினேன், தெரியும் என்றார்.

ஒரே குதிரையை ஏன் இத்தனை நாடுகளில் செய்ய வேண்டும்? அன்றைய இலத்தீன் அமெரிக்க நாடுகள் இறக்குமதிப் பதிலீட்டுக் கொள்கையைப் பின்பற்றின. ஆர்ஜென்டினாவின் ரவூல் பிரெபிஷ் அதற்குக் கோட்பாட்டு வலிமை சேர்த்தவர். அயல்நாட்டுப் பொம்மை சுங்கச் சுவரைத் தாண்டி உள்ளே வருவது கடினம். அதன் வடிவத்துக்கான உரிமம் உள்ளே வரலாம். பிரேசிலில் 1937 முதல் இயங்கிவந்த எஸ்த்ரேலா போன்ற உள்ளூர் நிறுவனங்கள் அந்த உரிமத்தைப் பெற்றன. எல்லாவற்றையும் காப்புவரி என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிடவும் கூடாது. இத்தாலியக் குதிரைகளைப் பொறுத்தவரை, ஐரோப்பியச் சந்தைக்கு அருகிலிருந்து சரக்கை விரைந்து அனுப்பும் வசதியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தகைய தொழிலில் பெருஞ்செலவு பிடிப்பது உலோக அச்சுதான். அச்சைக் கப்பலில் அனுப்பிவிடலாம். வினைலையும் சாயத்தையும் மயிருக்கான இழையையும் அந்தந்த நாட்டில் கிடைப்பதைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டும். அவற்றை வரவழைக்கவும் அன்னியச் செலாவணி வேண்டுமே. அதனால்தான் உடல் மாறாமல் நிறமும் மயிரும் மாறின. குளம்பிலுள்ள ஆண்டை உற்பத்தி ஆண்டு என்று கொள்வதும் பிழை. அது பதிப்புரிமை ஆண்டு. 1984 என்று பொறித்த குதிரை அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம்.

காப்புவரியால் நுகர்வோர் அதே பண்டத்தைக் கூடுதல் விலைக்கு வாங்க நேர்கிறது என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைபடம் போட்டிருக்கிறேன். நுகர்வோருக்கு இழப்பு என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. 'அதே பண்டம்' என்ற சொல்தான் இப்போது உறுத்துகிறது. சுவர் விலையை மட்டுமா மாற்றியது? பண்டத்தையே மாற்றியிருக்கிறது. அன்று சாவோ பாவ்லோவில் ஒரு சிறுமிக்கு வேறு வழியின்றிக் கிடைத்த முரட்டுமயிர், இன்று செல்வர்கள் ஏலம் கேட்கும் அருமை. அந்த விலையில் ஒரு காசும் மயிர் தைத்த தொழிலாளியைச் சேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவும் இந்த வரிசையில் உண்டு. சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் பொம்மைகளை இங்கேயே செய்தது. இந்தியக் குதிரைகளும் 'நிர்வாணா' பட்டியலில் தேடப்படுபவையே. நுகர்பொருள் இறக்குமதி மீதிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் முற்றிலும் நீங்கின. பிறகு வந்த சீனப் பொம்மை வெள்ளத்தை நாம் அறிவோம். இப்போது காற்று திசை மாறியிருக்கிறது: பொம்மைகள் மீதான சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. முன்பு எழுப்பிய சுவருக்குள் நாம் என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்பதைப் பார்க்க விரும்புவோருக்கு அந்தப் பழைய பொம்மைகள் நேர்ச்சான்றுகள்.

ஆனால் சான்றுகள் அழிகின்றன. வாலை உள்ளே இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம் துருப்பிடித்து வினைலில் கறை ஏற்றுகிறது. அதைவிடக் கேடு, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பழுதுபார்ப்பு. பழைய மயிரைப் பிடுங்கிவிட்டுப் புதிய பட்டுமயிர் தைத்து, முகத்துக்கு மறுபூச்சும் கொடுத்துவிட்டால் பிரேசில் எது, பெரு எது என்று சொல்ல வழியில்லை. நாட்டின் பெயர் பொறிக்காத குதிரைக்கு அந்த மயிரும் வண்ணமும்தானே பிறப்புச் சான்றிதழ்!

செங்கல்நிறக் குதிரையின் மயிரைச் சற்று எண்ணெய் தடவிச் சீவினால் என்ன என்று கேட்டேன். மாணவி அதை வெடுக்கென எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தியக் குதிரை ஒன்றுகூட இன்னும் அவர் கைக்குக் கிட்டவில்லையாம். யார் வீட்டுப் பரணிலாவது பழைய கொலுப் பெட்டிக்குள் அப்படியொன்று கிடந்தால், கழுவுவதற்கு முன் அதன் குளம்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கூறிவிட்டுப் போனார்.