கைப்பிடி இல்லாத கதவு

லண்டன் மாநகரத்து செயின்ட் பால் தேவாலயத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. இரவு நேரம். முள் பின்னிய கிரீடமும் கையில் விளக்குமாக இயேசுநாதர் ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். கதவின் இரும்பெல்லாம் துருப்பிடித்திருக்கிறது. வாசலை மறித்துச் செடிகொடிகள் மண்டிக் கிடக்கின்றன. வெகு காலமாக அதை யாரும் திறக்கவில்லை என்பது பார்த்தவுடனே விளங்கும். சற்று உற்று நோக்கினால் இன்னொன்றும் தெரியும். கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடியே இல்லை! திறப்பதானால் உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும்.

'உலகின் ஒளி' என்னும் இந்த ஓவியத்தைத் தீட்டியவர் ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேயர். அவர் இளமையில் வரைந்த முதல் படம் 1854-ல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அது இன்று ஆக்ஸ்ஃபோர்டு கீபிள் கல்லூரியில் உள்ளது. முதுமையில் அதையே பெரிய அளவில் மீண்டும் வரைந்தார். அந்தப் படம் 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று நாடு நாடாகச் சுற்றிவிட்டு, 1908-ல் செயின்ட் பாலுக்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் வல்ல கடவுளுக்கு ஒரு மரக்கதவைத் தள்ளித் திறக்க முடியாதா? முடியும், ஆனால் திறக்க மாட்டார் என்பதுதான் ஓவியர் சொல்லும் பதில். இதே பதிலை அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே, பார்வை இழந்த நிலையில் ஒரு கவிஞர் சொல்லிவிட்டார். அவர் ஜான் மில்டன். 1667-ல் வெளிவந்த அவருடைய 'இழந்த சொர்க்கம்' காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் கடவுளே இதைப் பேசுகிறார். மனிதனை நிலைத்து நிற்கும் வலிமையோடுதான் படைத்தேன். விழுந்துவிடும் உரிமையையும் கொடுத்தேன். அந்த உரிமை இல்லாவிட்டால் அவன் காட்டும் அன்புக்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன பொருள்? இதுவே அப்பேச்சின் சாரம்.

இரயில்வேயில் வேலை பார்த்த என் போன்றோருக்கு இது எளிதில் புரியும். சிக்னல் கேபினில் 'இன்டர்லாக்கிங்' என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு பாதைக்கு வழி விட்டுவிட்டால், அதற்கு முரணான சிக்னலின் லீவரை எவ்வளவு பலம் கொண்டு இழுத்தாலும் அது அசையாது. தவறு நேராதபடி பூட்டிவிடுகிறோம். இரயிலுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் அந்த லீவர் ஒழுங்காக நின்றதற்காக யாரும் அதைப் பாராட்டுவதில்லை. மனித மனத்துக்கு இப்படியொரு பூட்டைக் கடவுள் போடவில்லை என்பதே மில்டனின் வாதம்.

கிறிஸ்தவர்களிலேயே இதில் கருத்து வேற்றுமை உண்டு. மனித சித்தத்துக்குச் சுதந்திரம் உண்டு என்று 1524-ல் எராஸ்மஸ் எழுதினார். அருளின்றி அதனால் ஆவது ஒன்றுமில்லை என்று மறு ஆண்டே லூதர் மறுத்தார். வைணவத்தில் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி நடந்த வாதத்தை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான நெல்லைச் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஹன்ட் பிறந்த அதே 1827-ல் பிறந்தவர். 1894-ல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பன்யனின் 'மோட்சப் பயண'த்தைத் தழுவிய காவியம். பன்யனின் கதையிலும் ஒரு வாசல் வருகிறது. அங்கே தட்டுபவன் மனிதன். காவலர் கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறார். தட்டியது அவன் முயற்சி, இழுத்தது அருள். குரங்குக்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் ஒரே வாசலில் இடம் கிடைத்துவிடுகிறது!

பிள்ளைகளைத் தொலைதூரம் அனுப்பிவிட்டு இருக்கும் நம்மில் பலர் மனத்தைத் தொடக்கூடியது இன்னொரு ஓவியம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் கடைசிக் காலத்தில் தீட்டியது. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, தேய்ந்த செருப்போடு திரும்பி வந்த மகன் மண்டியிட்டிருக்கிறான். முதிய தந்தை இரு கைகளையும் அவன் முதுகில் வைத்திருக்கிறார். அன்று கேட்டவுடன் பங்கைக் கொடுத்தவர் அவர்தான். தடுக்கவில்லை, ஆள் அனுப்பிப் பிடித்து வரவும் இல்லை. போக விட்டதும் அன்பே, வந்தவனை ஏற்றதும் அன்பே.

வலப்பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு முகத்தில் சலனமின்றி நிற்பவரை மூத்த மகன் என்றே பலரும் கருதுகிறார்கள். லூக்கா சுவிசேஷத்தில் வரும் கதையில், தம்பிக்கு விருந்தா என்று கோபித்து அவன் வீட்டுக்குள் வர மறுக்கிறான். தந்தையே வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? கதை சொல்லவில்லை. அழைப்பதோடு தந்தையின் உரிமை முடிந்துவிடுகிறது. அடுத்த அடி மகனுடையது. நம் வீடுகளிலும் அப்படித்தானே!