நெடுந்துணை – 11: எம்மாவை நம்பி எழுதிய கடிதம்

சென்ற வாரம் ஆகா கான் மாளிகையில், கஸ்தூர்பாவின் கடைசி நாட்களோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் இங்கிலாந்து. லண்டனுக்குத் தெற்கே, கென்ட் பகுதியில் டவுன் என்றொரு கிராமம். அங்கே 1844 ஜூலை 5ஆம் தேதி சார்லஸ் டார்வின் தன் மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தான் திடீரென்று இறந்துபோனால் எம்மா எடுத்துப் படிக்க வேண்டிய கடிதம் அது.

உயிரினங்கள் படைக்கப்பட்டபடியே நின்றுவிடுவதில்லை, மாறி மாறிப் புதியவை உருவாகின்றன என்ற தன் கருத்தை டார்வின் அப்போது இருநூறு பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்திருந்தார். ஊருக்குச் சொல்லத் துணியவில்லை. தனக்குப் பின் அந்தப் பிரதியை வெளியிட 400 பவுண்டு ஒதுக்க வேண்டும், தகுதியான ஒருவரைப் பதிப்பாசிரியராகப் பிடிக்க வேண்டும் என்று எம்மாவைக் கேட்டுக்கொண்டார். யார் யாரை அணுகலாம் என்று லயல், ஹென்ஸ்லோ போன்ற அறிஞர்களின் பெயர்களையும் எழுதினார்.

அந்த அறிஞர்களில் ஒருவரிடமே பொறுப்பை விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தப் பிரதி வெளியே வந்தால் யாருடைய மனம் அதிகம் புண்படுமோ, அவரிடமே ஒப்படைத்தார். எம்மா ஆழமான இறைநம்பிக்கை கொண்டவர்.

எம்மா டார்வினுக்குத் தாய்மாமன் மகள். நம் ஊர் வழக்கில் முறைப்பெண். புகழ்பெற்ற வெட்ஜ்வுட் பீங்கான் குடும்பம். 1831இல் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் டார்வின் போக அவர் அப்பா அனுமதி மறுத்தபோது, பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் இந்த மாமாதான். 1838இல் திருமணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தார் டார்வின். ஒரு பக்கம், புத்தகம் வாங்கப் பணம் குறையுமே என்ற கவலை. இன்னொரு பக்கம், முதுமையில் துணை. அந்தத் துணை ஒரு நாயைவிட மேலாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டுத் தொடங்கிய உறவு என்று சிரிக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்றுதான் பின்னால் அவர்களை 43 ஆண்டுகள் சேர்த்து வைத்தது.

மதத்தில் தனக்கு எழுந்த சந்தேகங்களை மனைவியாகப் போகிறவளிடம் மறைத்துவிடு என்று அப்பா புத்தி சொன்னார். டார்வின் கேட்கவில்லை, எம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எம்மாவின் பயம் தத்துவம் சார்ந்ததல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் அக்கா ஃபேனி இறந்துபோயிருந்தார். அக்காவை மறுமையில் பார்ப்போம் என்ற எண்ணத்தில்தான் எம்மா தேறினார். நம்பாதவர் அங்கே வரமாட்டார் என்றால், கணவரை மரணத்துக்குப் பின் இழக்க நேரும். 1839 ஜனவரி 29இல் திருமணம் நடந்தது. அதையொட்டிய நாட்களில் எம்மா இதைக் கணவருக்குக் கடிதமாகவே எழுதினார். நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்காத விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பாதித்துவிடக் கூடாதே என்று கேட்டார். நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் இல்லை என்றால் தாங்கமாட்டேன் என்றார்.

டார்வின் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கடிதத்தைத் தூக்கியும் எறியவில்லை. அதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் இறந்த பிறகு நீ இதை அறிய வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தார்.

எம்மாவும் தன் பங்குக்கு வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1844 பிரதியைப் படித்தார். கண் என்ற உறுப்பு சிறுகச் சிறுக உருவாகியிருக்கலாம் என்ற இடத்தில், இது பெரிய ஊகம் என்று ஓரத்தில் குறித்து, தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டார். எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். பயந்தவர் படிக்காமலே ஒதுக்கியிருக்கலாம். எம்மா படித்து, வாதிட்டார்.

டார்வினுக்கு வாழ்நாளின் பெரும்பகுதி உடம்பு சரியில்லை; ஓயாத வாந்தி, படபடப்பு. எம்மா பார்த்துக்கொண்டார். கதைப் புத்தகம் படித்துக் காட்டினார், பியானோ வாசித்தார். இரவில் இருவரும் பேக்கமன் என்ற பலகை விளையாட்டை ஆடினார்கள். 1876இல் ஒரு நண்பருக்கு எழுதும்போது, தான் 2,795 ஆட்டமும் எம்மா 2,490 ஆட்டமும் ஜெயித்திருப்பதாக டார்வின் கணக்குச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் தேவாலயத்துக்குப் போகும்போது, பிற்காலத்தில் அவர் நடக்கப் போய்விடுவார். ஆனாலும் ஊர்ப் பாதிரியாரோடு நட்பாக இருந்தார், ஏழைகளுக்கான நிதிக் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

1851இல் பத்து வயது மகள் ஆனிக்கு நோய் முற்றியது. மால்வெர்ன் என்ற ஊரில் சிகிச்சை. எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, பயணம் செய்ய முடியாது. மகளின் படுக்கையருகே டார்வின் இருந்தார். வீட்டுக்குத் தபாலில் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஏப்ரல் 23இல் ஆனி இறந்தாள். மறுநாளே, அடக்கத்துக்குக்கூட நிற்காமல், டார்வின் எம்மாவிடம் கிளம்பிவிட்டார். என் முதல் செல்வம் எப்போதும் நீங்கள்தான், அதை மறக்காதீர்கள் என்று எம்மா அவருக்கு எழுதியிருந்தார். மகளை மறுமையில் காண்பேன் என்று நம்பிய தாயும், அந்த நம்பிக்கையை முழுவதுமாகக் கைவிட்டுக்கொண்டிருந்த தகப்பனும் ஒரே வீட்டில் ஒரே துக்கத்தைச் சுமந்தார்கள். யாரும் யாரையும், உன் நம்பிக்கையால்தான் என்றோ, நம்பிக்கையின்மையால்தான் என்றோ குத்தவில்லை.

1861இல், டார்வின் நோயால் தவித்த நாட்களில், எம்மா இன்னொரு கடிதம் எழுதினார். துன்பத்தில் கடவுளை நாடுங்கள் என்ற வேண்டுகோள். ஊருக்குச் சொல்லத் துணியாத அந்தக் கருத்தைக் கடைசியில் டார்வினே வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அக்கடிதத்தின் அடியில், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதித் தேதியிட்டார் டார்வின். இதை நழுவல் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் மொழியில் சொல்ல முடியாததை மனைவியின் மொழியில் சொன்னார்.

சுமை சமமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 31 வயதிலிருந்து 48 வயதுக்குள் எம்மா பத்துப் பிள்ளை பெற்றார், மூன்றைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார், அதற்கிடையே ஒரு நிரந்தர நோயாளியையும் கவனித்தார். அவர் உழைப்பு இல்லாவிட்டால் டார்வினின் புத்தகங்கள் வந்திருக்காது. ஆனால் வரன் பார்க்கும்போது 'கருத்து ஒத்துப்போகணும்' என்று இன்று முதல் நிபந்தனை போடுகிறவர்கள் இந்த இருவரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மிக முக்கியமான கேள்வியில் கடைசிவரை ஒத்துப்போகாதவர்கள் இவர்கள்.

1882 ஏப்ரல் 19இல் டார்வின் இறந்தார். கிராமத்திலேயே அடக்கம் என்று குடும்பம் எண்ணியிருக்க, நாடு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொண்டுபோனது. எம்மா அங்கே போகவில்லை. பிறகு மகன் பிரான்சிஸ் அப்பாவின் சுயசரிதையை வெளியிட முனைந்தபோது, மதம் பற்றிய கடுமையான வரிகள் சிலவற்றை நீக்கச் சொன்னார் எம்மா. அப்பா மேல் உயிராக இருக்கும் பக்தியுள்ள நண்பர்கள் வருந்துவார்கள், பழைய வேலைக்காரர்கள்கூட வருந்துவார்கள் என்று காரணம் சொன்னார். 1887இல் அவை இல்லாமலே நூல் வந்தது. இதற்காக எம்மாவைக் குறை சொல்பவர்கள் உண்டு. நீக்கப்பட்டவற்றைப் பேத்தி நோரா பார்லோ 1958இல் சேர்த்து வெளியிட்டார். அது சரியான காரியம். ஆனால் டார்வினின் விஞ்ஞானத்தில் ஒரு வரியிலும் எம்மா கை வைக்கவில்லை. 1844இல் அவரை நம்பி அந்தக் கடிதத்தை எழுதியவர் ஆளைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம்: கிளாராவும் ராபர்ட் ஷூமனும்.

(தொடரும்)