இரட்டிப்புக் கணக்கு எங்கே நிற்கும்? எக்ஸெல்லில் ஒரு புலி வேட்டை

ஜவ்வாது மலையில் ஆடு வளர்ப்பவரிடம், "பத்து ஆடு ஆண்டுதோறும் இரண்டு மடங்கானால் பத்தாண்டில் எத்தனை?" என்று கேளுங்கள். சிரித்துவிடுவார். எக்ஸெல் சிரிக்காது, 10,240 என்று தயங்காமல் சொல்லும். அத்தனை ஆட்டுக்கும் புல்லும் கோடையில் தண்ணீரும் வேண்டுமே என்பது மலைக்காரருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்க நிஜமான எண்கள் தேவை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் தமிழகப் புலிகளை எடுத்துக்கொள்வோம். 2006-ல் 76, 2010-ல் 163, 2014-ல் 229, 2018-ல் 264, 2022-ல் 306. இவற்றை சி1 முதல் சி5 வரை டைப் செய்யுங்கள். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.)

ஏ1-ல் 76 என்றும், ஏ2-ல் =ஏ1*2 என்றும் தந்து என்டர் தட்டுங்கள். ஏ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ5 வரை இழுங்கள். 76, 152, 304, 608, 1,216! தமிழகக் காடுகளில் இத்தனை புலிகளா?

இப்போது பி1-ல் 76. பி2-ல் இந்த ஃபார்முலா:

=பி1+1.2*பி1*(1-பி1/300)

1838-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வெருல்ஸ்ட் வெளியிட்ட கருத்தின் எளிய வடிவம் இது. 300 என்பது காடு தாங்கும் அளவு. எண்ணிக்கை அதை நெருங்க நெருங்க, அடைப்புக்குறிக்குள் உள்ள மதிப்பு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கி, வளர்ச்சிக்கு பிரேக் போடும். பி5 வரை இழுத்தால் ஏறத்தாழ 76, 144, 234, 296, 301. நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்!

ஆனால் இரண்டாவது வரிசையை மீண்டும் பாருங்கள். 2010-ல் நிஜ எண் 163. அதற்கு நெருக்கமாக இருந்தது இரட்டிப்புக் கணக்குதான்! தொடக்கத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டியே போகும். அப்போதே அவசரப்பட்டு எதிர்காலத்தைக் கணித்தால் ஏமாந்துவிடுவோம்.

300-ம் 1.2-ம் எண்களுக்குப் பொருந்தும்படி நான் போட்டுப் பார்த்தவை. வனத்துறை சொன்னவை அல்ல. உண்மையான எல்லையை மானும் காட்டெருமையும் காட்டின் பரப்பும்தான் முடிவு செய்யும். தவிர, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கேமராக்கள் கூடிவந்துள்ளன. ஏற்றத்தில் ஒரு பங்கு அதனாலும் இருக்கலாம்.

மூன்று வரிசைகளையும் செலக்ட் செய்து லைன் சார்ட் போடுங்கள். பிறகு 1.2-ஐ 2.5 ஆக்கி, மறுபடி இழுங்கள். கோடு 367 வரை எகிறி, 162-க்கு விழுந்து, மீண்டும் ஏறும்.